கொம்பனித்தெருவை அனுப்பிப் பார்ப்போம்

'கொம்பனித்தெரு' என்பதில் எத்தனை எழுத்து? தமிழ் வாத்தியாரைக் கேட்டால் ஏழு என்பார்: கொ, ம், ப, னி, த், தெ, ரு. யுனிகோட் கணக்கு வேறு. 'கொ'வுக்குக் ககரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று. 'ம்'முக்கு மகரம் ஒன்று, புள்ளி ஒன்று. இப்படிப் பிரித்துக்கொண்டே போனால் 13 வரும். யூடிஎஃப்-8 முறையில் அந்தப் பதின்மூன்றும் தலைக்கு மூன்று பைட்டு பிடிக்கும். ஆக 39 பைட்டு. சி மொழியின் எஸ்டிஆர்லென் செயற்கூறும் 39 என்றுதான் சொல்லும். அதற்குத் தமிழும் தெரியாது, எழுத்தும் தெரியாது. பைட்டு மட்டும்தான் தெரியும்.

இந்த 39 பைட்டை வெள்ளவத்தையில் உள்ள ஒரு கணினியிலிருந்து கொட்டாஞ்சேனையில் உள்ள இன்னொன்றுக்கு, நாமே எழுதிய நிரலால் அனுப்ப வேண்டும். அதற்கான கருவிதான் சொக்கெட். வட்சப், இணைய உலாவி, ஒன்லைன் வங்கி எதைத் தோண்டினாலும் அடியில் இதுதான் இருக்கிறது. உயர்தரத்தில் பைதன் படித்த பிள்ளைகள் இதே வேலையை நாலு வரியில் முடித்துவிடுவார்கள். சி மொழியில் எழுதினால் வரி கூடும். ஆனால் பைதன் மூடி வைத்திருப்பதெல்லாம் கண்ணில் படும்.

சொக்கெட் பிறந்த இடம் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம். இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் 1983 ஜனவரி 1ஆம் திகதி டிசிபி/ஐபி முறைக்கு மாறியது. அதே ஆண்டு ஓகஸ்டில் வெளிவந்த 4.2 பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் பதிப்பில் சொக்கெட் செயற்கூறுகள் இருந்தன. நாற்பது ஆண்டு கடந்தும் அவற்றின் பெயரும் வரிசையும் பெரிதாக மாறவில்லை. கணினி உலகில் இவ்வளவு நாள் தாக்குப்பிடித்தவை வெகு சில.

யுனிக்ஸில் திறந்த கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு. 0 விசைப்பலகை, 1 திரை, 2 பிழைச் செய்தி. இவை நிரல் தொடங்கும்போதே கைக்கு வந்துவிடும். நீங்கள் 'சொக்கெட்' செயற்கூற்றை அழைத்ததும் இயங்குதளம் பெரும்பாலும் 3 என்ற இலக்கத்தைத் திருப்பித் தரும். அவ்வளவுதான். வயரும் இல்லை, பெட்டியும் இல்லை. சொக்கெட் என்பது உங்கள் கையில் வெறும் 3. அந்த மூன்றுக்குப் பின்னால் யாருடன் இணைப்பு, எந்த முகவரி, எவ்வளவு வந்திருக்கிறது, எவ்வளவு போகக் காத்திருக்கிறது என்ற பேரேட்டை இயங்குதளத்தின் கேர்னல் வைத்திருக்கும்.

பெறும் பக்கத்து நிரலைச் சேர்வர் என்கிறோம். அது முதலில் 'பைண்ட்' செய்து தனக்கொரு போர்ட் இலக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 1 முதல் 65,535 வரை இடமுண்டு; 1,024க்குக் கீழே உள்ளவற்றைப் பிடிக்க வழமையாக நிர்வாகி உரிமை வேண்டும். பலரும் 8080 போடுவார்கள். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. 8080ஐப் பதினாறின் அடியில் எழுதினால் 1எஃப், 90 என்று இரண்டு பைட்டு. இன்டெல் சில்லு சிறிய பைட்டை முன்னே வைத்து 90, 1எஃப் என்று நினைவகத்தில் போடும். வலையமைப்பின் விதியோ பெரியது முன்னே. எச்டிஓஎன்எஸ் என்ற செயற்கூற்றால் திருப்பிப் போடாமல் விட்டால் உங்கள் சேர்வர் 8080இல் அல்ல, 36,895இல் போய் உட்கார்ந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் ஒருவரும் வந்து சேரமாட்டார்கள்.

பிறகு 'லிசன்', 'அக்செப்ட்'. இவை இரண்டும் ஒன்றென்று நினைத்துக் குழம்புபவர்கள் அதிகம். சாப்பாட்டுக் கடை வாசலில் நின்று "வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ" என்று அழைப்பவர் தானே பரிமாறுவதில்லை. வருபவரை ஒரு மேசைக்கு அனுப்பிவிட்டு மறுபடி வாசலுக்கு வந்துவிடுவார். லிசன் செய்த 3ஆம் இலக்கம் அந்த வாசல்காரர். ஒருவர் 'கனெக்ட்' செய்து வந்ததும் அக்செப்ட் 4 என்ற புதிய சொக்கெட்டைத் தரும். பேச்செல்லாம் நாலோடுதான். மூன்று அடுத்தவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இப்படிச் சி மொழியில் சொக்கெட் எழுதுவது எங்களூருக்குப் புதிதல்ல. சஞ்சீவ வீரவரண 2003இல் லங்கா சொஃப்ட்வெயர் ஃபவுண்டேஷனையும் 2005இல் கொழும்பில் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தையும் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த வட்டத்து இலங்கைப் பொறியியலாளர்கள் பெரும்பங்கெடுத்து எழுதியதுதான் அப்பாச்சி அக்சிஸ்2/சி. இணையச் சேவைகளைச் சி மொழியில் நடத்துவதற்கான திறந்த மூல மென்பொருள் அது. சோதித்துப் பார்க்க 9090ஆம் போர்ட்டில் ஓடும் ஒரு குட்டி சேர்வரும் கூடவே வரும். அதன் மூலநிரலில் நெட்வொர்க் ஹேண்ட்லர் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். மேலே சொன்ன அத்தனையும் அங்கே இருக்கிறது. ஒன்று கூடுதல்: லினக்ஸில் சொக்கெட்டை மூட 'குளோஸ்', விண்டோஸில் 'குளோஸ்சொக்கெட்'. இரண்டிலும் ஓட வேண்டிய நிரல் என்பதால் இப்படிப்பட்ட வேறுபாடுகளைத் தனியே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கம்பஸ் பிள்ளைகள் வெளிநாட்டு வீடியோ தேடும் நேரத்தில் இந்தக் கோப்பை ஒருமுறை வாசிக்கலாம். எழுதியவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள்.

இனி, கொம்பனித்தெரு. அனுப்பும் பக்கம் 'சென்ட்' செய்து 39 பைட்டையும் ஒரே தடவையில் கொடுத்துவிட்டது. பெறும் பக்கத்தில் 'ரிசீவ்' அழைத்தவர் 32 பைட்டுக்குத்தான் இடம் ஒதுக்கியிருக்கிறார் என்று வையுங்கள். என்ன கிடைக்கும்? முதல் 30 பைட்டில் பத்துக் குறிகள், அதாவது 'கொம்பனித்த' வரை ஒழுங்காக வரும். மிச்ச இரண்டு பைட்டு எகரக் குறியின் முக்கால்வாசி கூட இல்லை, மூன்றில் இரண்டு. திரையில் அந்த இடத்தில் கறுப்புக் கட்டமோ கேள்விக்குறியோ விழும். அடுத்த ரிசீவில் மீதி 7 பைட்டு வரும்: அறுந்த குறியின் வால் ஒன்று, பிறகு 'ரு'. ஆங்கிலம் அனுப்பியிருந்தால் சொல்தான் உடையும். தமிழில் எழுத்தே உடையும்.

இடத்தைப் பெரிதாக்கினால் சரியாகிவிடாதா? ஆகாது. டிசிபி என்பது பைட்டுகளின் ஓட்டம். வரிசை மாறாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான் அதன் பொறுப்பு. எங்கே ஒரு செய்தி முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பது அதற்குத் தெரியாது. ஈதர்நெட் வழியில் ஒரு பொதிக்குள் வழமையாக 1,460 பைட்டுத்தான் அடங்கும். நீண்ட செய்தி துண்டு துண்டாகப் போகும். இரண்டு குட்டிச் செய்திகள் ஒட்டிக்கொண்டு ஒரே ரிசீவில் வந்து விழுவதும் உண்டு. ஒரே கணினிக்குள் 127.0.0.1 முகவரியில் சோதிக்கும்போது குட்டிச் செய்திகள் அநேகமாக முழுசாகவே வரும். அதனால் வீட்டில் நன்றாக ஓடிய நிரல் செய்முறைப் பரீட்சையன்று வை-ஃபையில் காலை வாரிவிடும்.

மருந்து பழையது, எளியது. செய்திக்கு முன்னால் அதன் நீளத்தை 4 பைட்டில் எழுதி அனுப்புங்கள்: 0, 0, 0, 39. பெறுபவர் முதலில் நாலே நாலு பைட்டு சேரும்வரை ரிசீவ் செய்ய வேண்டும். நீளம் தெரிந்ததும் 39 சேரும்வரை திரும்பத் திரும்ப. கையடக்கத் தொலைபேசி நிறுவனங்களுக்கு மொத்தமாகக் குறுஞ்செய்தி கொடுக்கும் எஸ்எம்பிபி முறையும் இப்படித்தான். வங்கி அனுப்பும் ஓடிபி உலகெங்கும் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறது. ஒவ்வொரு செய்திக்கும் 16 பைட்டுத் தலைப்பு, அதன் முதல் 4 பைட்டு நீளம். டயலொக் நிறுவனத்தின் தலைமையகம் கொம்பனித்தெரு யூனியன் பிளேஸில்தான் இருக்கிறது என்பதால் சொல்கிறேன்: தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறிதான் இடம், ஆங்கிலத்துக்கு 160. கொம்பனித்தெரு என்ற ஒரே சொல் அதில் 13ஐத் தின்றுவிடும்.

வந்த நீளத்தை அப்படியே நம்பவும் கூடாது. 4 பைட்டில் 429 கோடி வரை எழுதலாம். யாரோ ஒரு விஷமி அப்படி எழுதியனுப்ப, உங்கள் நிரலும் மறுபேச்சில்லாமல் 4 ஜிகாபைட் நினைவகம் கேட்கும். நீளத்தைப் பார்க்காமல் வாங்கியதன் விலையை உலகம் 1988 நவம்பர் 2ஆம் திகதி கண்டது. கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ரொபர்ட் மொரிஸ் விட்ட புழு நிரல், ஃபிங்கர் என்ற சேர்வரின் 512 பைட்டு இடத்துக்குள் 536 பைட்டைத் திணித்து உள்ளே புகுந்தது. அந்த சேர்வர் சி மொழியின் 'கெட்ஸ்' செயற்கூற்றால் வாசித்தது. கெட்ஸுக்கு இடத்தின் அளவு தெரியாது. 2011இல் சி மொழித் தரத்திலிருந்தே அதை நீக்கிவிட்டார்கள்.

மூடுவதைப் பற்றியும் கொஞ்சம். ரிசீவ் 0 தந்தால் எதிர்ப்பக்கம் முடித்துக்கொண்டது என்று அர்த்தம். நீங்களும் 'குளோஸ்' செய்ய வேண்டும். மறந்தால் 4, 5, 6 என்று இலக்கங்கள் ஏறிக்கொண்டே போகும். பல லினக்ஸ் கணினிகளில் ஒரு நிரலுக்குத் தொடக்க எல்லை 1,024. அதைத் தொட்டதும் சேர்வர் புதியவர் எவரையும் ஏற்காது. சேர்வரை நிறுத்தி உடனே மறுபடி ஓட்டினால் "முகவரி ஏற்கெனவே பாவனையில்" என்று பைண்ட் மறுக்கும். பழுது அல்ல; வழிதவறிய பழைய பொதிகள் வந்து புது இணைப்பில் கலக்காதிருக்க, முதலில் மூடிய பக்கம் லினக்ஸில் 60 வினாடி காத்திருக்கும். எஸ்ஓ ரீயூஸ் அட்ரஸ் என்ற தெரிவைப் பைண்டுக்கு முன்னால் போட்டால் இந்தத் தொல்லை தீரும். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கவனிக்க 'செலக்ட்', 'ஈபோல்' என்று தனி வழிகள் இருக்கின்றன. முதல் நிரலுக்கு அவை தேவையில்லை.

இந்தத் துறைக்கு ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் 1990இல் எழுதிய யுனிக்ஸ் நெட்வொர்க் புரோகிராமிங் நூலை மிஞ்ச இன்னும் ஒன்று வரவில்லை என்பது என் எண்ணம். கேட்ட பைட்டு முழுவதும் சேரும்வரை விடாமல் வாசிக்கும் 'ரீட்என்' என்ற குட்டிச் செயற்கூறு அதில் இருக்கிறது. நூல் கைக்குக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. லினக்ஸ் டேர்மினலில் 'மேன் 2 சொக்கெட்' என்று அடியுங்கள், பிறகு 'மேன் 7 ஐபி', 'மேன் 7 டிசிபி'. மூன்றையும் வாசித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். சோதிக்கும்போது ரிசீவுக்கு ஒரே ஒரு பைட்டு இடம் கொடுத்து ஓட்டிப் பாருங்கள்; அப்போதும் செய்தி முழுதாக வந்து சேர்ந்தால்தான் அடுத்த கணினிக்குக் கொண்டுபோங்கள்.