சதுரமுகிக் கோபுரத்திற் குதிக்கும் கியூபேட்

நேயர்கள் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்து, ஒத்த அளவினவாகிய மூன்று சாய்சதுரங்களை ஒரு புள்ளியைச் சுற்றி வரைந்து பார்க்கலாம். அப்புள்ளியிற் சந்திக்கும் கோணம் ஒவ்வொன்றும் 120 பாகையாக இருப்பின், மூன்று சாய்சதுரங்களும் இடைவெளியின்றிப் பொருந்தி ஓர் ஒழுங்கான அறுகோணமாகும். பின்னர் ஒரு சாய்சதுரத்தை வெண்மையாகவே விட்டு, இரண்டாவதற்கு மெல்லிய நிழலும் மூன்றாவதற்குக் கரிய நிழலும் இட்டால், தாளிற் கிடந்த அறுகோணம் மறைந்து, ஒரு சதுரமுகி கண்முன்னே எழுந்து நிற்கும். தாள் தட்டையானது என்பதை அறிவு அறியும். ஆயினும் கண் அதனை ஒப்புக்கொள்வதில்லை.

இம்மயக்கம் மிகப் பழையது. இத்தாலி நாட்டிலே கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலுள் மூழ்கிய பொம்பேயி நகரின் மாளிகை ஒன்றில், மூவகை நிறக் கற்களை இழைத்து இதே கோலத்தைத் தரையெங்கும் பதித்திருக்கின்றனர். கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஃபாரிஷ் என்பார் 1822இல் இம்முறையை இயந்திரங்களை வரைவதற்கு உகந்ததொரு விதியாக வகுத்துரைத்தார். தொழினுட்ப வரைதல் பயிலும் மாணவர் அதனைச் சமவளவெறியம் என்று கற்பர். சாதாரண ஓவியத்திலே தூரத்திலுள்ள பொருள் சிறுத்துத் தோன்றும். சமவளவெறியத்திலோ அண்மையும் சேய்மையும் ஒரே அளவின. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் ஒரே அளவுகோலால் அளந்துகொள்ளலாம்.

ஒல்லாந்த ஓவியர் எம். சி. எஷர் இம்மயக்கத்தையே தம் கலையின் ஒரு பெரும் பகுதியாக ஆக்கிக்கொண்டவர். 1898இற் பிறந்து 1972இல் மறைந்த அவருடைய அச்சோவியங்களில், நகரத்து வீடுகள் சதுரமுகிகளாக உருமாறுவதையும், ஒருவனுக்குத் தரையாய் அமைந்தது மற்றொருவனுக்குச் சுவராய் அமைவதையும் காணலாம். அவர் மறைந்து பத்தாண்டுகள் சென்றபின், அமெரிக்காவிலே சிக்காகோ நகரை அடுத்திருந்த தொழிலகம் ஒன்றில், அவ்வோவியங்களின் சாயல் ஒரு கணினி விளையாட்டாகப் பிறந்தது. அதன் பெயர் கியூபேட்.

தொழிலகத்தை நடத்திய கொட்லீப் நிறுவனம் 1927இல் டேவிட் கொட்லீப் என்பவரால் நிறுவப்பட்டது. பின்போல் எனப்படும் விளையாட்டு மேசைகளாற் புகழ்பெற்றது. கண்ணாடியின் கீழே சாய்வாக அமைந்த பலகையில், காசை இட்டு உருக்குப் பந்தொன்றை ஓடவிட்டு ஆடும் ஆட்டம் அது. 1980ஆம் ஆண்டளவில் இளைஞரின் காசு பின்போலை விட்டுத் திரையில் ஆடும் ஆட்டங்களை நோக்கிப் பாயத் தொடங்கவே, கொட்லீப்பும் அத்துறையிற் புகவேண்டியதாயிற்று. அங்கே பணியாற்றிய ஓவியர் ஜெஃப் லீ, எஷரிடம் ஈடுபாடு கொண்டவர். அவர் கணினித் திரையிலே சதுரமுகிகளைக் கோபுரமாக அடுக்கி வரைந்தார். நிரலாளர் வொரன் டேவிஸ் அத்தகைய கோபுரத்தைக் கண்டு, அதன்மேற் பந்துகளை உதிரவிட்டு, புவியீர்ப்பையும் எழுமாற்றையும் கணினியிற் காட்டிப் பழகும் பயிற்சியாகவே தம் வேலையைத் தொடங்கினார். தொடக்கத்தைப் பற்றி இருவரும் பின்னாளிற் சொன்ன கதைகள் சிறிது வேறுபடினும், கதாநாயகனுக்கு முன்னரே கோபுரம் இருந்தது என்பதில் ஐயமில்லை.

பயிற்சியாக எழுந்தது ஏன் இத்துணைப் பொருத்தமாயிற்று? கோபுரத்தில் ஏழு வரிசைகள். உச்சியில் ஒன்று, அடுத்து இரண்டு, பின் மூன்று என்று இறங்கி அடியில் ஏழு. ஆக 28 சதுரமுகிகள். தூரத்தாற் சிறுத்தல் என்பது இல்லாமையால், அவை அனைத்தும் ஒரே படத்தின் பிரதிகள். ஒரு படத்தை வைத்துக்கொண்டு 28 இடங்களிற் பதித்தாற் போதும். அக்காலத்துக் கணினியின் சிறிய நினைவகத்துக்கு இஃதொரு பெரும் பேறு. மேலும், உச்சியில் விடப்படும் பந்து ஒவ்வொரு படியிலும் இடமாகவோ வலமாகவோ மட்டுமே விழக்கூடும். அடிவரிசையை அடைவதற்குள் ஆறு முறை அவ்வாறு தெரிவுசெய்யும். எனவே வழிகள் 64. அவற்றுள் நடுச்சதுரமுகியிற் சென்று முடிவன 20. இரு கோடிகளிலும் சென்று முடிவன ஒவ்வொன்றே. ஆடுபவன் இக்கணக்கை அறியான். ஆயினும் ஓரம் சற்று அமைதியானது, நடு நெரிசலானது என்பதை அவன் விரல்கள் விரைவில் அறிந்துகொள்ளும்.

லீ வரைந்து வைத்திருந்த உருவங்களுள் ஒன்று செம்மஞ்சள் நிறத்தது; உருண்ட உடல், இரு கால்கள், கைகள் இல்லை, குழல் போல நீண்ட மூக்கு. மூக்கின் வழியே பகைவர்மீது எறிபொருளை உமிழச் செய்வதே முதலில் இருந்த எண்ணம். சுடுவதும் வீழ்த்துவதுமே பெரும்பாலான திரை ஆட்டங்களின் தொழிலாயிருந்த காலம் அது. ஆனால் டேவிஸ் அதனை விரும்பவில்லை. குதித்தலே போதுமான சிக்கல், சுடுதலும் வேண்டா என அவர் கருதினார். அப்பொழுது பொறியியற் பிரிவின் தலைவராயிருந்த றோன் வாக்ஸ்மன், அவ்வுருவம் மிதிக்கும் சதுரமுகியின் மேற்பரப்பு நிறம் மாறினால் என்ன என்று ஒரு யோசனை கூறினார். அந்த ஒரு சொல்லே ஆட்டத்தை ஆட்டமாக்கியது. 28 பரப்புகளையும் குறித்த நிறத்துக்கு மாற்றவேண்டும், அவ்வளவே. அடுத்த நிலையில் ஒரு பரப்பை இருமுறை மிதிக்கவேண்டும். அதற்கடுத்த நிலையில், மாறிவிட்ட பரப்பை மீண்டும் மிதித்தால் அது பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். அங்ஙனம் திரும்புமிடத்திற்றான் வெறும் ஓட்டம் சிந்தனையாக மாறுகின்றது. எவ்வழியாற் சென்றால் முடித்ததை அழியாது வெளியேறலாம் என்று ஒருவன் முன்கூட்டியே எண்ணவேண்டும்.

பெயர் எளிதிற் கிடைத்திலது. பற்பல பெயர்கள் சூட்டிக் கைவிடப்பட்டன. ஈற்றில், சதுரமுகிக்குரிய ஆங்கிலச் சொல்லாகிய கியூப் என்பதும் ஹியூபேட் என்ற ஆட்பெயரும் கலந்து கியூபேட் ஆயிற்று. எழுதும்போது நடுவில் ஓர் உடுக்குறி இடுவர்.

கைப்பிடியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஏனைய ஆட்டங்களிற் கைப்பிடி மேல், கீழ், இடம், வலம் என்று அசையும். கியூபேட்டின் பெட்டியிலோ அதனை 45 பாகை திருப்பிப் பொருத்தினர். நேரே மேலே போதல் என்பது இங்கு இல்லை, எத்திசையும் மூலைத்திசையே. முதன்முதல் ஆடுபவர் பழக்கத்தாற் கையை நேரே தள்ளி, கதாநாயகனைக் கோபுரத்திலிருந்து வெளியே குதிக்கச் செய்து இழப்பர். கண் மயங்கலாம், கை மயங்கினால் ஆட்டம் போயிற்று.

பகைவருள் தலையாயது கொய்லி என்னும் பாம்பு. ஊதா நிற முட்டையாக இறங்கிவந்து, அடிவரிசையிற் பொரித்து, கியூபேட்டைப் பின்தொடரும். கோபுரத்தின் இருபுறமும் மிதக்கும் தட்டுகளுள் ஒன்றிற் பாய்ந்தால், கியூபேட் உச்சிக்குச் சுமக்கப்படுவான். அண்மையில் துரத்திவந்த பாம்போ வெறுவெளியிற் பாய்ந்து மாயும். பச்சை நிறச் சிறுவர் இருவர் வந்து, மாற்றிய நிறங்களை மீண்டும் மாற்றி வைப்பர். இவர்களைத் தொட்டுப் பிடிக்கலாம். ஆனால் அக் என்பதும் றோங்வே என்பதும் தனித்துச் சொல்லத் தக்கவை. இவை சதுரமுகிகளின் மேற்பரப்பில் நடப்பதில்லை; பக்கங்களிற் குதித்துச் செல்கின்றன. கியூபேட்டுக்குச் சுவராயுள்ளது அவற்றுக்குத் தரை. அவனுக்குக் கீழ் என்பது அவற்றுக்குப் பக்கவாட்டு. மூன்று சாய்சதுரங்களும் ஒத்தவையாயின், எதனைத் தரையென்று கொள்வது என்பதற்கு வரைபடத்தில் விடை இல்லை. எஷர் ஓவியத்திற் கேட்ட அதே வினாவை இவ்விரு சிற்றுயிர்களும் துள்ளித் துள்ளிக் கேட்கின்றன. ஆட்டத்தின் ஆகச் சிறந்த கற்பனை இதுவே எனலாம்.

ஒலிக்கு இவ்விளையாட்டில் உள்ள இடமும் வியப்புக்குரியது. பெட்டியினுள் வோட்றக்ஸ் நிறுவனம் ஆக்கிய பேச்சுச் சில்லு ஒன்று இருந்தது. ஆங்கில ஒலியன்களை அடுத்தடுத்து ஒலித்துச் சொற்களை உண்டாக்குவது அதன் தொழில். ஒலியமைப்பாளர் டேவிட் தீல், தெளிவான வாக்கியங்களைப் பேசவைக்க முயன்றார். வாய்த்ததோ விளங்காத முணுமுணுப்பு. சலித்துப்போன அவர், ஒலியன்களைக் குருட்டாம்போக்கிற் கலந்து ஒலிக்கவிட்டார். பாம்பிடம் அகப்படும்போதெல்லாம் கியூபேட் பொருளற்ற மொழியொன்றில் வெகுண்டு வைகின்றான். தலைக்குமேல் தோன்றும் குமிழியிலும் குறியீடுகளேயன்றி எழுத்துகள் இல்லை. எந்நாட்டவனும் தன் மொழியில் இல்லாத அவ்வசையை உடனே விளங்கிக்கொள்வான். திருத்தமாகப் பேசியிருந்தால் அச்சில்லு நான்கு வாக்கியங்களோடு மறக்கப்பட்டிருக்கும்.

மற்றோர் ஒலி கணினியினுடையதே அன்று. பின்போல் மேசைகளில், இலவச ஆட்டம் கிடைத்ததை அறிவிக்கப் பெட்டியின் உட்புறத்தை ஓங்கித் தட்டும் மின்சுத்தியல் ஒன்று உண்டு. கியூபேட் கோபுரத்தினின்று விழும்போது, சற்றே தாமதித்து, அச்சுத்தியல் மரத்திற் பொத்தென்று அடிக்கும். திரையில் விழுந்தவன் பெட்டியின் அடியில் மெய்யாகவே வந்து மோதினான் என்று ஆடுபவர் கைகளில் அதிர்வு உணர்த்தும். கைவிடப்பட்டுக்கொண்டிருந்த பழைய தொழிலின் உறுப்பொன்று புதிய தொழிலில் இவ்வாறு உயிர்த்திருந்தது.

1982இல் வெளிவந்த அவ்விளையாட்டு ஏறத்தாழ 25,000 பெட்டிகள் விற்பனையாயின என்பர். 1983இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அதனை வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடும் கருவிகளுக்கு மாற்றி வெளியிட்டது. அட்டாரி 2600 என்னும் எளிய கருவியிலே கோபுரம் ஆறு வரிசைகளாகக் குறைந்தது. ஏழு குறைந்து ஆறானால் என்ன என்று கேட்கலாம். 28 சதுரமுகிகள் 21 ஆகிவிட்டன, கால் பங்கு போயிற்று. சுத்தியலின் அடியும் வீட்டுக்கு வரவில்லை.

டேவிஸ் தம் ஆட்டம் தேர்ந்தவர்களுக்கு மிக எளிதாயிற்றே என்று கவன்று, 1983இல் அதனினும் கடுமையான பதிப்பொன்றை ஆக்கினார். அதனை வெளியிட நிறுவனம் துணியவில்லை. அதே ஆண்டில் நீல் பேர்ன்யெட் என்பவர் ஆக்கிய தொடர்ச்சி, கியூபேட்டின் கியூப்ஸ், வெளிவந்தது. அங்கே கோபுரம் இல்லை. வரிசைக்கு ஐந்தாக 25 தனித்த சதுரமுகிகள். ஒன்றன்மேற் குதித்தால் அது நிறம் மாறாது, உருண்டு புரளும். புரட்டிப் புரட்டிக் காட்டிய மாதிரியுடன் ஒப்பவைக்கவேண்டும். அறிவுக்கு விருந்துதான், ஆயினும் ஒரு கணப் பார்வையில் விளங்கவில்லை. காசு கேட்கும் பெட்டிக்கு அக்கணமே உயிர். அமெரிக்காவில் அவ்வாண்டு திரை விளையாட்டு வாணிகம் முழுவதும் சரிந்தது. மைல்ஸ்டார் எனப் பெயர் மாற்றிக்கொண்ட அந்நிறுவனம் 1984இல் மூடப்பட்டது. வெளிவராத அக்கடும் பதிப்போ டேவிஸிடம் எஞ்சியிருந்தது. 1996ஆம் ஆண்டின் இறுதியில் அதனை அவர் இணையத்தின்வழி யாவரும் பெறுமாறு செய்தார். கடைக்கு வராத பண்டமொன்று பதின்மூன்று ஆண்டுகள் கழித்து விலையின்றிக் கைக்கு வந்தது.

பிற்பதிப்புகள் பல. 1992இற் கையடக்கக் கருவியாகிய கேம்போய்க்கு ஒன்று வந்தது. நிறமாற்றமே உயிரான ஆட்டத்தை நிறமே இல்லாத திரையிற் சாம்பல் வேறுபாடுகளால் நடத்திக் காட்டினர். 1999இல் ஹஸ்ப்ரோ நிறுவனத்தின் பதிப்பு மெய்யான முப்பரிமாணக் கணிப்புடன் வந்தது. மயக்கமாயிருந்தது உண்மையாயிற்று, ஆனால் உண்மைக் கனவுருவிலே பக்கம் பக்கம்தான், தரை தரைதான், கண்ணைக் குழப்பும் அந்த இனிய ஐயம் நீங்கிவிட்டது. 2014இல் வந்த பதிப்பொன்று சதுரமுகிகளுக்குப் பதிலாக அறுகோணத் தூண்களை வைத்து, நான்கு திசைகளை ஆறாக்கியது. திசை மிகுந்தால் தப்பும் வழியும் மிகும். எதிர்பார்த்த அச்சம் குறையும். அதனுள்ளேயே பழைய 28 சதுரமுகிக் கோபுரத்தையும் சேர்த்தே விற்றனர் என்பதைக் கவனிக்கவேண்டும்.

2012இல் வோல்ட் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட திரைப்படமொன்றில், பெட்டியின் மின்னிணைப்பு நீக்கப்பட்டமையால் வீடிழந்த ஏதிலியாகக் கியூபேட் தோன்றுகின்றான். அடுத்த ஆண்டு, 2013 பெப்ரவரியில், அமெரிக்கர் ஒருவர் பழைய பெட்டியொன்றின் முன் நின்று, ஒரே காசில் 84 மணித்தியாலங்களுக்கு மேலாக விடாது ஆடினார். இவ்வாட்டத்துக்கு இறுதி நிலை என ஒன்று இல்லை. உயிர்கள் தீரும்வரை கோபுரம் நிறம் மாறிமாறி வந்துகொண்டேயிருக்கும். மூன்றரை நாட்கள் கடந்து அவருடைய கடைசிக் கியூபேட் வீழ்ந்தபோது அவர் சேர்த்திருந்த புள்ளிகள் மூன்று கோடியே எழுபது இலட்சத்துக்கு மேல்.