தட்டச்சிட்ட எழுத்துக்கு என்ன நேர்கிறது? வலைப் படிவங்களில் ஜாவாஸ்கிரிப்ட்

வலைப் பக்கம் ஒன்றைத் திறக்கும்போது, சர்வரிலிருந்து வந்த எச்டிஎம்எல் கோப்பை உலாவி அப்படியே திரையில் வரைவதில்லை. அதைப் படித்துத் தன் நினைவகத்தில் ஒரு மரத்தைக் கட்டிக்கொள்கிறது. தலைப்பு ஒரு கிளை, பத்தி ஒரு கிளை, படிவம் ஒரு கிளை. படிவத்துக்குள் உள்ள பெயர்ப் பெட்டியும் அனுப்பும் பொத்தானும் அதிலிருந்து பிரியும் கிளைகள். பத்தியிலுள்ள சொற்கள்கூட ‘உரைக் கணு’ என்ற தனி உறுப்பாகவே மரத்தில் இடம்பெறுகின்றன. இந்த மரத்துக்கு டாகுமென்ட் ஆப்ஜெக்ட் மாடல், சுருக்கமாக டாம், என்று பெயர். ஜாவாஸ்கிரிப்ட் நிரல் மாற்றுவது இந்த மரத்தைத்தான். மரம் மாறியதும் உலாவி திரையைத் திரும்ப வரைகிறது. சர்வரில் உள்ள கோப்பில் ஒரு புள்ளிகூட மாறுவதில்லை. பக்கத்தைப் புதுப்பித்தவுடன் நிரல் செய்த மாற்றங்கள் மறைந்துபோவது இதனால்தான்.

இன்று பக்கத்தின் எந்தச் சொல்லையும் நிரலால் மாற்ற முடிகிறது. தொடக்கத்தில் அப்படி இல்லை. 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் இந்த மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். மோக்கா, லைவ்ஸ்கிரிப்ட் என்று பெயர் மாறி, அவ்வாண்டு டிசம்பரில் அது ஜாவாஸ்கிரிப்ட் ஆனது. அதைத் தாங்கி 1996-இல் வெளிவந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0, நிரல் திருத்துவதற்கு முக்கியமாகத் திறந்துவிட்டவை படிவப் பெட்டிகளே. தொலைபேசி மோடம் வழியாகப் படிவத்தை அனுப்பிவிட்டு, மின்னஞ்சல் முகவரியை நிரப்பவில்லை என்ற பதிலுக்காகக் காத்திருக்கும் தொல்லையை அது குறைத்தது. பத்தியின் உரையோ பக்கம் ஏறிக்கொண்டிருக்கும்போது எழுதப்பட்டால்தான் உண்டு. ஏறி முடிந்த பிறகு ‘டாகுமென்ட் ரைட்’ கட்டளையைக் கொடுத்தால் இருந்த பக்கமே அழிந்துவிடும். எனவே அந்நாளைய பக்கங்களில் ஓடும் கடிகாரமும், வட்டிக் கணக்கின் விடையும் ஓர் உரைப் பெட்டிக்குள்தான் காட்டப்பட்டன. பக்கம் ஏறி முடிந்த பின் அதற்குள் நிரல் எழுதக்கூடிய இடம் ஏறக்குறைய அது ஒன்றுதான்.

1997-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4, பக்கத்தின் ஏறக்குறைய எல்லா உறுப்புகளையும் நிரலுக்குத் திறந்தது. நெட்ஸ்கேப் தன் நான்காம் பதிப்பில் வேறு வழியில் போனது. ஒரே பக்கத்துக்கு இரண்டு விதமாக நிரல் எழுத வேண்டிய நிலை. 1998 அக்டோபரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு டாமின் முதல் நிலைத் தரத்தை வெளியிட்ட பிறகுதான் பொதுவான பாதை ஒன்று கிடைத்தது; உலாவிகள் அதற்கு ஒழுங்காக வந்துசேர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. 2006-இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேக்வெரி நூலகம் அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு, உலாவிகளுக்கு இடையே இருந்த இந்த வேறுபாடுகளைத் தன்னுள் மறைத்துக்கொண்டதே பெரிய காரணம்.

படிவப் பெட்டியைக் கையாள்பவர் முதலில் பிரித்தறிய வேண்டியது, பெட்டிக்கு இரண்டு மதிப்புகள் உண்டு என்பதை. எச்டிஎம்எல் கோப்பில் ‘வேல்யூ’ என்ற பண்புக்கூறாக எழுதியிருப்பது பெட்டியின் தொடக்க மதிப்பு. பயனர் தட்டச்சிடத் தொடங்கியதும் உண்மையான மதிப்பு அதிலிருந்து பிரிந்து தனியே வாழ்கிறது. ஊர் என்ற பெட்டியில் ‘மதுரை’ என்று முன்கூட்டியே நிரப்பியிருக்க, பயனர் அதை அழித்துத் ‘தேனி’ என்று எழுதுகிறார் எனக் கொள்ளலாம். இப்போது பண்புக்கூறைக் கேட்டால் ‘மதுரை’ என்றே விடை வரும். பெட்டிப் பொருளின் மதிப்பைக் கேட்டால் ‘தேனி’ வரும். படிவத்தை ‘ரீசெட்’ செய்தால் மதுரை திரும்பி வருவதும் இந்த ஏற்பாட்டால்தான். பண்புக்கூறை மாற்றிவிட்டு, பெட்டியில் ஒன்றும் மாறவில்லையே என்று திகைப்பது புதிதாகக் கற்பவர்கள் பலருக்கும் நேர்வது.

உரைப் பெட்டியிலிருந்து எடுக்கும் மதிப்பு எப்போதும் சரம்தான், அதாவது எழுத்துகளின் தொடர்தான். எண்களுக்கென்று அமைந்த பெட்டியானாலும் இதே விதி. ஒரு பெட்டியில் 2, இன்னொன்றில் 3 என்று இருக்க, இரண்டையும் கூட்டல் குறியால் இணைத்தால் 5 வராது, 23 வரும். சரங்களுக்கு நடுவில் கூட்டல் குறி என்பது ஒட்டும் குறி. ஆனால் பெருக்கல் குறி போட்டால் ஜாவாஸ்கிரிப்ட் சரத்தைத் தானே எண்ணாக்கி 6 என்று சொல்லிவிடும். பெருக்கும்போது சரியாக இருந்தது கூட்டும்போது மட்டும் கெடுவதால் இந்தப் பிழை எளிதில் பிடிபடுவதில்லை. மதிப்பை எடுத்தவுடனே எண்ணாக மாற்றிக்கொள்வதுதான் பாதுகாப்பு. தேர்வுப் பெட்டிகளில் பார்க்க வேண்டியது மதிப்பை அல்ல, குறியிடப்பட்டதா என்ற நிலையை. குறியிடாத பெட்டி சர்வருக்குப் போவதே இல்லை. செயலிழக்கச் செய்த பெட்டியும் போகாது. படிக்க மட்டும் என்று பூட்டிய பெட்டி போகும். கோப்புப் பெட்டி முற்றிலும் வேறு: நிரல் அதைக் காலிசெய்யலாம், ஒரு கோப்பின் பாதையை எழுதிவைக்க முடியாது. முடிந்திருந்தால், பயனரின் கணினியிலுள்ள எந்தக் கோப்பையும் ஒரு பக்கம் அவரறியாமல் இழுத்துக்கொண்டிருக்கும்.

மாற்றத்தை நிரல் அறிந்துகொள்வது நிகழ்வுகள் மூலம். ஒவ்வோர் எழுத்து விழும்போதும் எழுவது ‘இன்புட்’ நிகழ்வு. எழுதி முடித்துப் பெட்டியைவிட்டு வெளியேறும்போது எழுவது ‘சேஞ்ச்’. பெட்டியில் மீதமுள்ள இடத்தைக் காட்ட முதலாவது பொருந்தும். தவறைச் சுட்ட இரண்டாவது நல்லது. தொலைபேசி எண்ணின் முதல் இலக்கத்தைத் தட்டியவுடனே ‘எண் தவறு’ என்று சிவப்பில் எச்சரிக்கும் படிவம் பயனரை அவமதிக்கிறது. பெட்டியின் மதிப்பை நிரலே மாற்றும்போது இந்த நிகழ்வுகள் எழுவதில்லை. மதிப்பை மாற்றியதும் சுட்டுக்குறி பெட்டியின் கடைசிக்குத் தாவிவிடும். பெயரின் நடுவே ஓர் எழுத்தைத் திருத்துபவர் அடுத்த எழுத்தைத் தட்டும்போது அது கோடியில் போய் விழும். சுட்டுக்குறியின் இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, மாற்றிய பிறகு அங்கேயே திரும்ப வைப்பது நிரலின் பொறுப்பு.

பக்கத்தின் உரையை மாற்ற இரண்டு வழிகள் அதிகம் பயன்படுகின்றன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அறிமுகப்படுத்திப் பின்னர் எல்லாரும் ஏற்றுக்கொண்ட ‘இன்னர் எச்டிஎம்எல்’ ஒன்று. 2004-இல் டாமின் மூன்றாம் நிலைத் தரத்தோடு வந்த ‘டெக்ஸ்ட் கன்டென்ட்’ மற்றொன்று. பின்னது கொடுத்த சரத்தை உரையாகவே வைக்கும். அதில் கோண அடைப்புக்குறி இருந்தால் அதுவும் ஒரு குறியாகத் திரையில் தெரியும். முன்னது சரத்தை எச்டிஎம்எல் ஆகப் படித்துப் புதிய கிளைகளை வளர்க்கும். ‘வணக்கம், கயல்விழி’ என்று காட்ட இரண்டும் ஒன்றுபோலவே வேலை செய்யும் என்பதுதான் ஆபத்து. பெயர்ப் பெட்டியில் ஒருவர் பெயருக்குப் பதிலாக, இல்லாத படத்தைச் சுட்டும் டேக் ஒன்றை எழுதி, படம் கிடைக்காவிட்டால் இன்ன நிரலை ஓட்டு என்று அதில் சேர்த்திருந்தால், இன்னர் எச்டிஎம்எல் அந்த நிரலை ஓடவிடும். ஸ்கிரிப்ட் டேக்கை இந்த வழியில் நுழைத்தால் அது ஓடாது என்பது உண்மை. அதை நம்பி அசட்டையாக இருந்தவர்கள் படத்தின் வழியாகத் தாக்கப்பட்டார்கள்.

பயனர் எழுதிய உரை நிரலாக ஓடினால் என்னவாகும் என்பதை 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் கண்டது. சாமி காம்கார் என்ற இளைஞர் தன் அறிமுகப் பக்கத்தில் சிறிய ஜாவாஸ்கிரிப்ட் துண்டு ஒன்றை ஒளித்துவைத்தார். அப்பக்கத்தைப் பார்த்தவரின் கணக்கிலிருந்து அவருக்கு நட்பு அழைப்பு தானாகப் போனது; கூடவே அந்தத் துண்டு பார்த்தவரின் பக்கத்திலும் நகலானது. ஏறத்தாழ 20 மணி நேரத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளில் அது பரவ, தளத்தையே சிறிது நேரம் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆபத்தான சொற்களை நீக்க மைஸ்பேஸ் வடிகட்டி வைத்திருந்தது. ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்ற சொல்லை இரண்டு வரியாக உடைத்து எழுதியதும் வடிகட்டி ஏமாந்தது. சில உலாவிகளோ அதை ஒரே சொல்லாகப் படித்தன. கெட்ட சொற்களைப் பட்டியலிட்டு நீக்கும் முறையை இன்று யாரும் பரிந்துரைப்பதில்லை. பயனர் தந்ததை உரையாகவே வைப்பது, அதாவது டெக்ஸ்ட் கன்டென்டைப் பயன்படுத்துவது, அந்தப் பட்டியலுக்கே தேவையில்லாமல் செய்துவிடுகிறது.

தமிழ் எழுதப்படும் பெட்டிகளில் வேறு வகைச் சிக்கல்கள் எழுகின்றன. அவற்றைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஜாவாஸ்கிரிப்ட் சரத்தின் நீளத்தை யுடிஎஃப்-16 என்ற குறியீட்டு முறையின் அலகுகளில் அளக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லில் படிப்பவர் காண்பது மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட் காண்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. பெட்டிக்கு 20 எழுத்து உச்சவரம்பு என்று எச்டிஎம்எல்லில் வைத்தால் உலாவியும் இப்படித்தான் எண்ணும். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு 20 எழுத்து கிடைக்க, தமிழில் எழுதுபவருக்குப் பத்துப் பன்னிரண்டோடு பெட்டி மூடிக்கொள்கிறது.

தலைப்பெழுத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். தந்தை பெயர்ப் பெட்டியில் ‘முருகன்’ என்று இருக்க, அதன் முதல் எழுத்தை எடுத்துத் தலைப்பெழுத்தாக்கும் நிரல், வழக்கமான முறையில் முதல் அலகை எடுத்தால் ‘ம’ என்று போடும். ‘மு’ என்று வர வேண்டியது. ‘கண்ணன்’ என்பதன் முதல் இரண்டு அலகுகளை வெட்டி எடுத்தால் புள்ளி கழன்று ‘கண’ நிற்கும். இத்தகைய தேவைகளுக்காக ‘இன்டல் செக்மென்டர்’ என்ற கருவி மொழியில் சேர்க்கப்பட்டது. 2024-இல் ஃபயர்ஃபாக்ஸும் அதை ஏற்றபின் முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. அது ‘முருகன்’ என்பதை மு, ரு, க, ன் என்று நான்காகப் பிரித்துத் தரும். ஆனால் ‘க்ஷ’ அதற்கு இரண்டு எழுத்துதான்.

பெயரில் எழுத்துகள் மட்டும் இருக்க வேண்டும் என்று சரிபார்க்கும் விதி இன்னொரு கண்ணி. ஆங்கில ஏ முதல் இசட் வரை என்று எழுதினால் தமிழ்ப் பெயர் எதுவும் நுழையாது என்பது வெளிப்படை. அதை அறிந்து, யுனிகோட் ‘எழுத்து’ வகை அனைத்தையும் அனுமதிக்கும் விதியை எழுதியவரும் தப்புவதில்லை. யுனிகோட் கணக்கில் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் ‘எழுத்து’ வகை அல்ல, ‘குறி’ என்ற வகை. அந்த விதியின் கீழ் ‘கமல’ செல்லும், ‘கமலா’ செல்லாது. இரண்டு வகைகளையும் சேர்த்து, தலைப்பெழுத்துக்கான புள்ளியையும் இடைவெளியையும் அனுமதித்தால்தான் தமிழர் ஒருவர் தன் பெயரைத் தன் எழுத்தில் எழுத முடியும். தாய்மொழியில் எழுதிய சொந்தப் பெயரைத் ‘தவறான பெயர்’ என்று திருப்பும் படிவத்தை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை; எழுதிப் பார்க்காமல் வெளியிடுகிறார்கள்.

கைபேசி விசைப்பலகைகளில் ஒரு சொல் முடிவாகும்வரை அது ‘கோர்ப்பு’ நிலையில் இருக்கும். அந்நேரத்தில் நிரல் பெட்டியின் மதிப்பை மாற்றினால் எழுத்துகள் இரட்டிக்கும் அல்லது காணாமற்போகும். கோர்ப்பு தொடங்கியதையும் முடிந்ததையும் சொல்லத் தனி நிகழ்வுகள் உண்டு. முடியும்வரை நிரல் கைவைக்காமல் இருப்பதே முறை.

பெட்டியிலுள்ள உரையை நிரலால் மாற்றும் இந்தக் கலைக்குத் தமிழில் நல்ல எடுத்துக்காட்டு எழுத்துரு மாற்றிகள். ஒரு பெட்டியில் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய உரையை ஒட்டினால், அடுத்த பெட்டியில் யுனிகோடாக வரும். பாமினியில் தமிழ் என்று தெரிவது உண்மையில் ஆங்கில எழுத்துகளின் வரிசை: க-வுக்கு எஃப், துணைக்காலுக்கு எச், ஒற்றைக்கொம்புக்கு என். பார்வைக்கு ‘கொ’ எப்படித் தெரிகிறதோ அப்படியே கொம்பு, க, கால் என்ற வரிசையில் அடிக்கப்படும்; யுனிகோடிலோ க முதலில் வந்து ஒகரக் குறி பின்னால் வரும். நிரல் செய்வது தேடி மாற்றும் வேலைதான், ஆனால் மாற்றும் வரிசை முக்கியம். எஃப், எச் இரண்டையும் முதலில் ‘கா’ ஆக்கிவிட்டால் முன்னால் ஒரு கொம்பு அநாதையாக நிற்கும். மூன்றெழுத்துக் கோவைகளை முதலிலும், இரண்டெழுத்துக் கோவைகளை அடுத்தும், தனியெழுத்தைக் கடைசியிலும் மாற்ற வேண்டும். அனைத்தும் பயனரின் உலாவியிலேயே நடந்துவிடுவதால், அவருடைய உரை சர்வருக்குப் போக வேண்டியதே இல்லை.

யுனிகோடாக ஆன பின்னும் ஒரே சொல் இருவிதமாக இருக்கலாம். ‘மொழி’ என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்க முடியும். திரையில் வேறுபாடு தெரியாது. நிரல் ஒப்பிட்டால் இரண்டும் வேறு என்று சொல்லும். ‘நார்மலைஸ்’ என்ற செயற்பாடு இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும். ‘கௌரி’ என்பதை ஔகாரக் குறியால் எழுதாமல், கொம்புக்கும் ள-வுக்கும் தனித்தனி விசை தட்டி ‘கெளரி’ என்று எழுதியிருந்தால் அது உதவாது. அவை யுனிகோடுக்கு உண்மையிலேயே வேறு சொற்கள். அதைத் திருத்தத் தனி விதி எழுதியாக வேண்டும்.

இத்தனை சரிபார்ப்பும் பயனரின் வசதிக்குத்தான். உலாவியில் ஓடும் எந்த நிரலையும் பயனர் நிறுத்திவிடலாம், மரத்தைத் தன் கையாலேயே திருத்தலாம், படிவமே இல்லாமல் சர்வருக்கு நேரடியாகத் தகவல் அனுப்பலாம். உச்சவரம்பும்கூடத் தட்டச்சிடுபவரைத்தான் தடுக்கும். நிரல் எழுதும் நீண்ட சரத்தைப் பெட்டி ஏற்றுக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு விதியும் சர்வரில் இன்னொரு முறை எழுதப்படுகிறது. உலாவியில் செக்மென்டர் கொண்டு எழுத்தெண்ணி, சர்வரில் பைட் கணக்கில் எண்ணினால், ஓரிடத்தில் ஏற்கப்பட்ட தமிழ்ப் பெயர் மற்றோரிடத்தில் நிராகரிக்கப்படும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். ‘தமிழ்’ அங்கே 15.