நாரிச் சத்திர சிகிச்சைக்குப் பின் வீட்டிலே



முள்ளந்தண்டிலே சத்திர சிகிச்சை என்றவுடன் நம்மவர் உள்ளத்தில் முதலில் எழுவது, இனி அவர் படுத்த படுக்கைதான் என்ற எண்ணமாகும். அயலார் பழங்களுடன் வந்து, கட்டிலருகே நின்று, தாழ்ந்த குரலிற் பேசிச் செல்வர். வீட்டாரோ நோயாளியை அசையவிடார். தண்ணீர்க் குவளையையும் வாயருகே கொணர்ந்து பிடிப்பர். அன்பினாற் செய்யும் காரியந்தான். எனினும் அந்த அன்பே நோயாளியைக் கெடுத்துவிடவுங் கூடும்.

இதனைக் கூறும் நான் வைத்தியன் அல்லன். பாடசாலை அதிபர், கலைப் பட்டதாரி. ஆயினும் என் நாரியிலே அறுவை நடந்து ஆறு கிழமை வீட்டிலிருந்தேன். அக்காலத்தில் வைத்தியரையும் இயன் மருத்துவரையும் விடாது கேள்வி கேட்டேன். என்னை வீட்டுக்கு அனுப்பியபோது தரப்பட்ட சீட்டிலே நான்கு மருந்துகளின் பெயரும், மீண்டும் வரவேண்டிய திகதியுமே இருந்தன. எப்படி எழுவது, எப்படி இருப்பது, எதைத் தூக்கலாம் என்பன பற்றி ஒரு வரியேனும் இல்லை. வீடு திரும்பும் பலரின் நிலை இதுவே.

நமது முள்ளந்தண்டில் அசையத்தக்க முள்ளென்புகள் 24 உள. முள்ளென்புகளுக்கிடையே மெத்தை போல அமைந்த தட்டுகள் 23. ஒவ்வொரு தட்டிலும் வெளியே உறுதியான நார் வளையமும் உள்ளே கூழ் போன்ற பொருளும் உண்டு. வளையம் கிழிந்து கூழ் பிதுங்கி, காலுக்குச் செல்லும் நரம்பை நெருக்கும்போது, நாரியிலிருந்து பாதம்வரை மின்னலெனப் பாயும் நோவு உண்டாகின்றது. பெரும்பாலும் இது கடைசி இரண்டு தட்டுகளிலேயே நிகழும். நோவின் காரணம் இதுவென்பதை 1934ஆம் ஆண்டிலே பொஸ்ரன் நகரத்து வைத்தியர்களாகிய மிக்ஸ்ரர், பார் என்னும் இருவர் தம் கட்டுரையொன்றினால் உலகறியச் செய்தனர்.

சத்திர வைத்தியர் பிதுங்கிய துண்டையே அகற்றுகின்றார்; தட்டு இருந்த இடத்திலேயே இருக்கின்றது. தோலின் காயம் இரண்டு கிழமை அளவில் ஆறிவிடும். நார் வளையத்தின் கிழிசல் தழும்பாகி மூடுவதற்கோ மேலும் பல கிழமைகள் செல்லும். வெளியே ஆறியதைக் கண்டு உள்ளேயும் ஆறிற்று என எண்ணிப் பாரந் தூக்குவோர் சிலருக்குக் கூழ் மறுபடியும் பிதுங்குவதுண்டு.

ஆகவே படுத்தே கிடப்பதா? முற்காலத்தில் வைத்தியர்களே அவ்வாறு கூறினர். இன்று அறுவை நடந்த அன்றோ மறுநாளோ நோயாளியை எழுப்பி நடக்கச் செய்கின்றனர். அசையாது கிடந்தால் தசை மெலியும், மலம் இறுகும், காலின் நாளங்களிலே குருதி உறைந்து, அக்கட்டி நுரையீரலைச் சென்றடைத்தால் உயிருக்கே ஆபத்தாகும். முற்றத்தில் ஐந்து நிமிடம் நடந்து வந்து படுத்து, பின்னும் நடப்பதே நன்று. நாளுக்கு நாள் சிறிது கூட்டலாம்.

எழும் முறை ஒன்று உண்டு. மல்லாந்த நிலையிலிருந்து நேரே எழலாகாது. முழங்கால்களை மடித்து, தோளும் இடுப்பும் ஒருசேர, மரக்குற்றி உருள்வது போல ஒரு பக்கம் புரண்டு, கால்களைக் கட்டிலுக்குக் கீழே விட்டுக்கொண்டே கையை ஊன்றி எழவேண்டும். நிலத்துப் பாயிலிருந்து இவ்வாறு எழுதல் அரிது. ஆதலின் பாயிலே படுக்கும் வழக்கமுடையோரும் சில கிழமைக்குக் கட்டிலை நாடுவது நலம்.

1960களிலே சுவீடன் தேசத்து வைத்தியர் நாக்கெம்சன், தட்டினுள்ளே ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். மல்லாந்து கிடக்கையில் அது குறைவாகவும், குனிந்து பாரந் தூக்குகையில் மிக அதிகமாகவும் இருக்கக் கண்டார். இதை நம் வீடுகளிலே பொருத்திப் பாருங்கள். நம் வாழ்க்கை முழுவதும் குனிவிலேயே நடக்கின்றது! கிணற்றடி, அம்மி, துருவலை, முற்றங் கூட்டும் விளக்குமாறு, குந்தியிருக்கும் மலகூடம். பத்து லீற்றர் வாளி நீரின் நிறை பத்துக் கிலோ. முதற் கிழமைகளில் அதிற் பாதியும் ஆகாது. பேரப்பிள்ளை ஓடிவந்தால் நாற்காலியில் இருந்தபடி அணைத்துக்கொள்ளலாம், தூக்கலாகாது. மலகூடத்திலே உயர்ந்த இருக்கை இல்லையெனில், நடுவில் துளையிட்ட கதிரையொன்றை வைத்துக்கொள்ளலாம். தாய்மாருக்கு அறுவை நடந்தால் இவையெல்லாம் இன்னும் கடினம். வீட்டில் ஆண்கள் துருவலையில் அமரப் பழகவேண்டிய காலம் அதுவே.

நீண்டநேரம் இருத்தலும் நன்றன்று. அரைமணிக்கு ஒருமுறையேனும் எழுந்து நடக்கவேண்டும். பார்க்க வருவோர் ஒவ்வொருவரும் ஓர் எண்ணெயின் பெயரைச் சொல்வர். எனக்குச் சொல்லப்பட்டவை 11. ஆறாத காயத்தில் எண்ணெய் எதுவும் படலாகாது. வைத்தியர் அனுமதிக்கும்வரை நாரியை அழுத்தித் தேய்க்கவும் ஆகாது. கடுமையான நோ மருந்துகள் மலச்சிக்கலை உண்டாக்கும். முக்குதல் நாரிக்கு நல்லதன்று. கீரையும் பப்பாசியும் தாராளமான நீரும் வேண்டும். புகைத்தல் காயம் ஆறுவதைத் தாமதிக்கும். நீரிழிவுள்ளோர் சீனியின் அளவைக் கட்டுப்படுத்தவேண்டும்.

காலின் நோவு பலருக்கு விரைவில் நீங்கும். மரத்த உணர்ச்சி மீளவோ மாதங்கள் ஆகலாம். நரம்பு வளர்வது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். நாரிக்கும் பாதத்துக்கும் உள்ள தூரத்தை நினைத்தால், பொறுமை ஏன் வேண்டுமென்பது விளங்கும். மேசை வேலை செய்வோர் நான்கு முதல் ஆறு கிழமையில் திரும்பலாம். தோட்டத்திலும் கடலிலும் கட்டட வேலையிலும் உழைப்போருக்கு மூன்று மாதமளவில் ஓய்வு வேண்டியிருக்கும். நாட்கூலியை நம்பிய குடும்பத்துக்கு இது பெருஞ்சுமை. அறுவைக்கு நாள் குறிக்கும்போதே அந்த மூன்று மாதத்துக்கு யார் உழைப்பது என்று உறவினர் கூடிப் பேசிவைத்தல் வேண்டும். முள்ளென்புகளைத் திருகாணியிட்டு இணைத்தவர்களுக்கோ காலம் இன்னும் நீளும். அவர்கள் தம் வைத்தியர் சொல்லும் கணக்கையே கொள்ளவேண்டும்.

சில குறிகளைக் கண்டால் தாமதிக்கலாகாது. காய்ச்சலுடன் காயம் சிவந்து சீழ் வடிதல். காயத்திலிருந்து தெளிந்த நீர் கசிந்து, எழுந்திருந்தவுடன் தலையிடித்தல். ஒரு கெண்டைக்கால் வீங்கி நோதல். மூச்சுத்திணறலும் நெஞ்சு நோவும். கால் புதிதாகச் சோர்தல். எல்லாவற்றிலும் கொடியது, சிறுநீர் போகாது தடைப்படுவதும், தானாகக் கழிவதும், இரு தொடைகளின் நடுப்பகுதி மரத்துப்போவதும். முள்ளந்தண்டின் அடியிலுள்ள நரம்புக்கொத்து நெருக்கப்படுகின்றது என்பதற்கு அதுவே அடையாளம். அங்கே நேரத்தைக் கடத்தினால் உணர்ச்சி மீளாமலே போகலாம். வெட்கத்தினால் இதை வீட்டாரிடமும் மறைப்பவர்கள் உளர். நோயாளி சொல்லாவிடினும் வீட்டார் கேட்கவேண்டும். இரவென்று விடியும்வரை காத்திராது, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய நோயாளர் வண்டி இலவசமாகவே வரும்.