தண்ணீர் மோட்டாருக்கு வி.எஃப்.டி. வாங்கலாமா?

கம்ப்யூட்டர் வாங்கி, அதற்கு ஒரு யூ.பி.எஸ்.ஸும் வைத்த பிறகு, பலருக்கு வீட்டிலுள்ள மற்ற மின்சாதனங்கள் மீதும் ஒரு கண் விழுந்துவிடுகிறது. அப்படிப்பட்ட நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் சிங்கிள் ஃபேஸ், ஒரு எச்.பி. ஆன்லைனில் வி.எஃப்.டி. என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். அதை மாட்டி வேகத்தைக் குறைத்தால் கரண்ட் பில் குறையுமாமே, வாங்கலாமா?"

வேண்டாம் என்பதுதான் என் பதில். அந்தப் பெட்டியில் குறை எதுவும் இல்லை. உங்கள் மோட்டாருக்கும் அதற்கும் ஒத்துப்போகாது, அவ்வளவுதான்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

வி.எஃப்.டி. என்றால் வேரியபிள் ஃப்ரீக்வென்சி டிரைவ். கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். பற்றி உங்களுக்குத் தெரிந்திருந்தால், இதிலும் பாதி தெரிந்த மாதிரிதான். இரண்டுமே முதலில் 230 வோல்ட் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றுகின்றன. டிரைவுக்குள் இந்த டி.சி. சுமார் 325 வோல்ட் இருக்கும். பிறகு ஐ.ஜி.பி.டி. என்ற டிரான்சிஸ்டர்கள் அதை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி, மோட்டார் ஏ.சி. என்றே எடுத்துக்கொள்ளும்படி வெளியே அனுப்புகின்றன. நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரைவில் அதை 40, 30 என்று நாமே வைத்துக்கொள்ளலாம். 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்குச் சுமார் 2,850 சுற்று ஓடும் பம்ப் மோட்டார், 40 ஹெர்ட்ஸில் 2,300 சுற்றுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

இதுவரை எல்லாம் சரிதான்.

சிக்கல் கெப்பாசிட்டரில்!

த்ரீ ஃபேஸ் மோட்டாரில் மூன்று காயில்கள் இருக்கின்றன. மூன்று ஃபேஸும் ஒன்றன்பின் ஒன்றாக உச்சத்துக்கு வருவதால் உள்ளே காந்தப்புலம் தானாகச் சுழல்கிறது. சிங்கிள் ஃபேஸில் அப்படி இல்லை. காந்தப்புலம் முன்னும் பின்னும் துடிக்குமே தவிர சுழலாது. சுவிட்சைப் போட்டால் மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு அப்படியே நிற்கும். அதைக் கிளப்பிவிடத்தான் இரண்டாவதாக ஒரு காயிலும், அதனுடன் ஒரு கெப்பாசிட்டரும் வைக்கிறார்கள்.

அந்தக் கெப்பாசிட்டரின் அளவு 50 ஹெர்ட்ஸுக்காகக் கணக்கிடப்பட்டது. 36 எம்.எஃப்.டி. கெப்பாசிட்டர் ஒன்று 50 ஹெர்ட்ஸில் சுமார் 88 ஓம் தடை காட்டும். 25 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் அது 177 ஓம் ஆகிவிடும். இரண்டு காயில்களுக்கும் இடையே இருந்த கணக்கு கெட்டு, மோட்டாரின் இழுவை குறையும். தவிர, டிரைவிலிருந்து வருவது வழவழப்பான அலை அல்ல, துண்டு துண்டான பல்ஸ்கள். சாதாரண மோட்டார் கெப்பாசிட்டர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. அது சூடாகும், டிரைவும் 'ஓவர்கரண்ட்' என்று காட்டி நின்றுவிடலாம்.

சில மோட்டார்களில் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் இருக்கும். மோட்டார் முழு வேகத்தில் முக்கால்வாசியை எட்டியதும், ஸ்டார்ட்டிங் காயிலைக் கழற்றிவிடுவது அதன் வேலை. வேகத்தை நன்றாகக் குறைத்தால் இந்தச் சுவிட்ச் மறுபடி ஒட்டிக்கொள்ளும். சில நொடிகள் மட்டுமே மின்சாரம் தாங்கும் அந்தக் காயில் தொடர்ந்து ஓட ஆரம்பிக்கும். எங்கள் எதிர்வீட்டில் இதுதான் நடந்தது. 30 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டுப் போனார்கள். கால் மணி நேரத்தில் தெருவே கருகல் வாசனை. புதிதாகக் காயில் கட்டித்தான் அந்த மோட்டாரை எழுப்ப முடிந்தது.

சரி, கரண்ட் மிச்சமாகுமா?

பம்பின் வேகத்தைக் குறைத்தால், அது இழுக்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடிக் கணக்கில் குறையும் என்று விளம்பரங்களில் படித்திருப்பீர்கள். 80 சதவீத வேகத்தில் ஏறக்குறைய பாதி மின்சாரம்! இந்தக் கணக்கு பொய்யல்ல. ஆனால் தண்ணீரை மாடிக்கு ஏற்றும் வீட்டுக்கு அது அப்படியே பொருந்தாது. பம்ப் தள்ளக்கூடிய உயரம், வேகத்தின் இருமடிக் கணக்கில் இறங்கும். அதிகபட்சம் 30 மீட்டர் வரை தள்ளும் பம்ப், 40 ஹெர்ட்ஸில் 19 மீட்டர்தான் தள்ளும். உங்கள் சம்ப்புக்கும் மேல் டேங்க்குக்கும் இடையே 20 மீட்டர் என்றால் என்ன ஆகும்? மோட்டார் ஓடும், மீட்டரும் ஓடும், டேங்க்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழாது. போதாததற்கு, பம்புக்குள் நிற்கும் தண்ணீரும் சூடாகும். டேங்க் நிரப்பும் வேலைக்கு, நிறைந்ததும் தானாக மோட்டாரை நிறுத்தும் ஒரு லெவல் கன்ட்ரோலர் போதும் என்பது என் கருத்து.

யாருக்கு வி.எஃப்.டி. உதவும்?

மேல் டேங்க் இல்லாமல், குழாயைத் திறந்தால் ஒரே பிரஷரில் தண்ணீர் வர வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது அருமையான சாதனம். ஒரு குழாய் திறந்தால் மெதுவாகவும், நான்கு குழாய் திறந்தால் வேகமாகவும் பம்ப் ஓடும். அதற்குப் பழைய சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை மறந்துவிட்டு, த்ரீ ஃபேஸ் மோட்டார் உள்ள பம்பாக வாங்குங்கள். 'வீட்டில் சிங்கிள் ஃபேஸ் லைன்தானே இருக்கிறது' என்று கவலை வேண்டாம். சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட்டை வாங்கிக்கொண்டு, த்ரீ ஃபேஸ் 230 வோல்ட் தரும் சிறிய டிரைவ்கள் எளிதாகக் கிடைக்கின்றன. மோட்டாரின் பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். 415 வோல்ட் மட்டுமே போட்டிருந்தால் இதற்கு ஆகாது. டெல்டா இணைப்பில் 230 அல்லது 240 வோல்ட் என்று இருக்க வேண்டும்.

சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்கென்றே செய்த டிரைவ்களும் உண்டு. அவை எப்போதும் கெப்பாசிட்டருடனேயே ஓடும் வகை மோட்டார்களுக்கு மட்டும்தான். அதிலும் வேகத்தைக் கொஞ்சம்தான் குறைக்கலாம். போர்வெல் சப்மெர்சிபிள் என்றால் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகவே வேண்டாம். அதன் பேரிங்குக்குத் தண்ணீர்தான் எண்ணெய். வேகம் மிகவும் குறைந்தால் அந்தத் தண்ணீர்ப் படலம் நிற்காது.

டிரைவ் மாட்டுவதை எலெக்ட்ரீஷியனிடமே விடுங்கள். எர்த் சரியாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் இருக்கும் பிளக் பாயின்ட்டிலிருந்து லைன் எடுக்காமல், மெயின் போர்டிலிருந்து தனி லைன் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்கலாம். மெயினை அணைத்த உடனே பெட்டியைத் திறக்கக் கூடாது. உள்ளேயுள்ள 325 வோல்ட் இறங்கச் சில நிமிடங்கள் ஆகும். எத்தனை நிமிடம் என்று பெட்டியின் மேலேயே எழுதியிருப்பார்கள்.