குறியும் கொடியும்

விளையாட்டு, மாந்தர் இயல்பை மறைவின்றிக் காட்டும் கண்ணாடி. ஓடியாடும் திடலுக்கு மட்டுமன்று, இன்று நம் பிள்ளைகள் கணிப்பொறித் திரையின்முன் அமர்ந்து ஆடும் ஆட்டத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும். ஊர்விட்டு வந்து வாழும் நம் இல்லங்களில், அடுத்த அறையில் துப்பாக்கி ஓசை எழுந்தவுடன் முகம் சுளிக்கும் பெற்றோர் பலர். சுளிப்பதில் குற்றமில்லை, ஆயினும் ஆட்டம் இன்னதென அறிந்தபின் பேசுவதே முறை. அதன்பொருட்டு, அத்தகைய ஆட்டம் ஒன்றையும், அதில் ஒரு வீரன் ஏற்கும் பொறுப்பையும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

'டீம் ஃபோர்ட்ரஸ் 2' என்பது அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆட்டம். 2011 முதல் விலையின்றி ஆடக் கிடைக்கின்றது. சிவப்பு அணி, நீல அணி என அணிகள் இரண்டு. வீரர் வகை ஒன்பது. இதன் களங்களுள் புகழ்பெற்றது 'டூஃபோர்ட்'. நடுவே நீர், நீரின்மேல் கூரையிட்ட பாலம், இருபுறமும் எதிரெதிராக இரு கோட்டைகள். ஒவ்வொரு கோட்டையின் அடித்தளத்திலும் மறைச்செய்தித் தாள்கள் அடங்கிய பெட்டி ஒன்று உண்டு. அதுவே அவ்வணியின் கொடி. பகைவர் பெட்டியைக் கவர்ந்து தம் கோட்டைக்குள் சேர்த்தல் வேண்டும். பொதுவிதிப்படி, மும்முறை சேர்த்த அணி வெல்லும்.

ஆநிரை கவர்வோர்க்கு வெட்சி, மீட்போர்க்குக் கரந்தை, மதில் காப்போர்க்கு நொச்சி, மதில் வளைப்போர்க்கு உழிஞை எனப் புறப்பொருள் வெண்பாமாலை பூக்களை வகுத்துரைக்கின்றது. இவ்வாட்டத்தில் அந்நான்கு போரும் ஒரே வேளையில் நிகழ்கின்றன. ஒரு பூவையே சூடி நிற்பவன் இங்கே அரை வீரனே ஆவான்.

இனி, 'ஸ்னைப்பர்' எனப்படும் தொலைக்குறி வீரனைக் காண்போம். 'ஹெவி' என்னும் பெருவீரனுக்கு உயிர்வலிமை 300 புள்ளி; ஸ்னைப்பருக்கோ 125-தான். ஆயினும் குறிக்கண்ணாடி வழியே நோக்கி நிற்க நிற்க, அவன் குண்டின் வலிமை 50-இலிருந்து 150 வரை ஏறும். தலையில் பட்டால் அது மும்மடங்காகும். முழு வலிமையில் 450. ஹெவியும் ஒரே குண்டில் வீழ்வான். இத்துணை ஆற்றலுக்கு விலையும் உண்டு. கண்ணாடியில் கண் வைத்தவனுக்கு நடை தளரும்; பக்கப் பார்வை மறையும். மாறுவேடத்தில் பின்னே வரும் ஒற்றன் ஒரே குத்தில் உயிரைக் கொள்வான்.

இவனைத் தேர்ந்தெடுப்போர் பலர், கோட்டையின் மேல்மாடத்தில் நின்று எதிர்மாடத்து ஸ்னைப்பரோடு மட்டும் பொருதுகின்றனர். ஆட்டம் முடிகையில் அவர்தம் கணக்கில் இருபது தலைகள் இருக்கும். கீழே பெட்டியோ மும்முறை களவு போயிருக்கும். கொடி எங்கே இருக்கின்றதோ அதற்கேற்பத் தன் இடத்தையும் தொழிலையும் மாற்றிக்கொள்பவனே நல்ல ஸ்னைப்பர்.

தன் அணியினர் பாலம் கடக்கையில் எதிர்மாடத்தை வெறுமையாக்குதல் அவன் முதற்கடன். அடுத்து, பகைவரைக் குணப்படுத்தும் 'மெடிக்'கை நோக்குதல். அவன் வலிமை 150 ஆதலின், முழு வலிமையுள்ள குண்டு உடலில் பட்டாலே போதும். 'எஞ்சினியர்' நிறுவும் தானியங்கித் துப்பாக்கி குறித்த எல்லைக்குள் வருவோரையே சுடும். எல்லைக்கு அப்பால் இடம் வாய்க்குமாயின், அதனைச் செப்பனிடும் எஞ்சினியரை வீழ்த்திப் பின் பொறியை உடைத்தல் எளிது.

தம் பெட்டி களவு போனவுடன் மாடத்தை விட்டு இறங்குதல் வேண்டும். பாலத்தின் கூரை மேலிருப்போன் பார்வையை மறைக்கும். நீர்வழிச் சுரங்கமும் உண்டு. கவர்ந்தவன் எவ்வழிச் செல்வான் என உய்த்துணர்ந்து அவ்வழியை மறித்தல் வேண்டும். அவன் வீழ்ந்தாலும் பணி முடிவதில்லை. விழுந்த பெட்டியை உரியவர் தொட்டு மீட்க இயலாது. அது தானே திரும்ப 60 வினாடி ஆகும். அதற்குள் பகைவர் எவரும் மீண்டும் எடுக்கலாம். அந்த ஒரு நிமிடம் பெட்டியை நோக்கிய வழிகளைக் காப்பதே கரந்தை வீரம். கோட்டைக்குள் குறுகிய வழிகளில் பொருவதற்கு, 2009-இல் சேர்க்கப்பட்ட வில் உதவும். அதற்குக் குறிக்கண்ணாடி இல்லை. சுற்றிலும் கண் செல்லும்.

எம்மைப் போன்ற இரயில்வே ஊழியர்க்கு இது புதிதன்று. 'லீவ் ரிசர்வ்' எழுத்தரை யாம் அறிவோம். இவ்வாரம் புக்கிங் கவுண்டர், அடுத்த வாரம் பார்சல் அலுவலகம், அதற்கடுத்துக் கூட்ஸ் ஷெட். அவருக்கென ஒரு நாற்காலி இல்லை. ஆயினும் அவர் வாராத நாளில் ஒரு கவுண்டர் மூடப்படும்.

எம் குடியிருப்பில் கல்லூரி பயிலும் இளைஞர் ஒருவர் இவ்வாட்டத்தை ஆடுவார். இரவுப் பணி முடிந்து வந்த தந்தையார் ஒருநாள் அருகில் அமர்ந்து, "எத்தனை பேரைச் சுட்டாய்?" என வினவினார். "கடைசி நிமிடத்தில் ஒருவரையும் சுடவில்லை அப்பா. பெட்டி பக்கத்திலேயே நின்றேன். எவனும் நெருங்கவில்லை, வென்றோம்" என்றார் மகனார். தந்தையார் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர்த் தம் தண்டவாளக் காவற்பணியைப் பற்றி மகனுக்குச் சொல்லத் தொடங்கினார். அதுவரை அவ்விருவரும் அவ்வளவு பேசி யாம் கண்டதில்லை.

இவ்வாட்டம் சிறுவர்க்கு உரியதன்று. அமெரிக்க மதிப்பீட்டு வாரியம் 17 வயது நிறைந்தோர்க்கே இதனை வகுத்துள்ளது. ஆட்டத்துள் பொருள் விற்கும் கடையும் உண்டு. பணமும் உறக்கமும் பெற்றோர் கண்காணிப்பில் இருத்தல் நலம். ஆனால் வளர்ந்த பிள்ளை ஆடுகையில், "எத்தனை வீழ்த்தினாய்?" என்பதோடு "எதைக் காத்தாய்?" என்றும் கேட்டுப் பழகுவோமாக. பெயர்ப்பலகையில் ஏறாத உழைப்பால்தான் நம் குடும்பங்கள் அயலூரில் நிலைபெற்றன. அவ்வுழைப்பின் அருமையைப் பிள்ளைகட்கு உணர்த்த, அவர்கள் விரும்பும் ஆட்டமே ஒரு வாயிலாகுமாயின், அதனை அடைத்துவிடாதிருக்க அன்பர்களை வேண்டுகின்றோம்.