லயத்தில் விரிவுரை, ஸ்டோரில் ஆய்வுகூடம்

2021இல் லுணுகலைப் பக்கம் பள்ளிப் பிள்ளைகள் காட்டுக்குள் மரவீட்டில் ஏறி, சிக்னல் பிடித்துப் பாடம் படித்த செய்தி உலகெங்கும் போனது. அதே மலைகளிலிருந்து கம்பஸ் போனவர்களின் பாடும் அப்படித்தான் இருந்தது. பல்கலைக்கழகத் தளங்களுக்கு டேட்டா இலவசம் என்றார்கள். சிக்னலே எட்டாத தோட்ட லயத்தில் இலவசத்தை வைத்து என்ன செய்வது? மறு வருடம் மின்வெட்டும் சேர்ந்துகொண்டது.

பிழை இணையவழிக் கல்வியில் இல்லை. வகுப்பறை விரிவுரையை அப்படியே சூமுக்குள் தூக்கி வைத்ததில்தான் இருக்கிறது. நேரில் மட்டும் அது என்ன வாழ்ந்தது? 2014இல் அமெரிக்காவில் ஸ்கொட் ஃபிரீமன் குழுவினர் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மாணவர் தாமே செய்து பழகும் அறிவியல் வகுப்பைவிட, வெறும் விரிவுரை வகுப்பில் தோற்பவர்கள் ஒன்றரை மடங்கு.

பதுளை, பசறை வீதியில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே ஒரு பட்டப்படிப்பு உண்டு. அதில் ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம்: பச்சைக் கொழுந்து எப்படிக் கறுக்கிறது? வாட்டிய கொழுந்து ரோலரில் நசுங்கும்போது செல்கள் உடைகின்றன. பொலிஃபீனோல் ஒக்சிடேஸ் நொதி காற்றின் ஒட்சிசனோடு வேலை செய்து, கட்டெக்கின்களைத் தியாஃபிளேவின், தியாரூபிஜின் ஆக்குகிறது. இதைச் சொல்லப் பன்னிரண்டு நிமிடப் பதிவு போதும். டவுனுக்கு வரும்போது இறக்கிக்கொண்டு, இரவில் சிக்னல் இல்லாமலே கேட்கலாம். உயர்தரத்தைத் தமிழில் படித்துவிட்டு வந்தவர் ஆங்கில விரிவுரையை நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். மண்டபத்தில் அது நடக்காது.

நேரில் கூடும் நாள் ஸ்டோருக்கு, அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்கு. ரோலரிலிருந்து விழும் இலையை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அள்ளி, முகர்ந்து, வெந்நீர் ஊற்றி நிறம் பார்க்கட்டும். அதற்கு முன்பே, எப்போது சிவக்கும் என்று ஆளாளுக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அப்போதுதான் தர்க்கம் சூடுபிடிக்கும். பச்சை வாடை போய்ப் பழவாசம் ஏறும் தருணத்தை எந்தக் காணொளியும் தராது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்றில் ஊவாத் தேயிலைக்கு வரும் தனி மணத்தில் மெதைல் சலிசிலேட்டுக்குப் பெரிய பங்குண்டு. அந்தக் காற்றில் கொழுந்து படும் பாட்டை, மலையில் கொழுந்தெடுக்கும் அம்மாவின் பிள்ளை விரிவுரையாளருக்கே சொல்லித் தருவாள்.

இதெல்லாம் புதுச் சரக்கில்லை. 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் அச்சுப் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்து, ஆய்வுகூடத்துக்கு மட்டும் மாணவரை நேரில் அழைத்துப் பழகியதுதான். பதுளையிலும் அதற்கு நிலையம் உண்டு.

பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஊவாப் பருவத்தில் மாதம் ஒரு சனிக்கிழமையாவது ஸ்டோரை மாணவர்களுக்குத் திறந்துவிடுங்கள்.