பழைய உழவு இயந்திரங்களில் மின்கோளாறுகளை அறிதல்

பெரும்போக மழை விழுந்து நிலம் பதமான வேளையில் உழவு இயந்திரம் தொடங்க மறுப்பது கமக்காரருக்குப் பெரும் இடராகும். திறப்பைத் திருப்பியதும் ‘டிக்’ என்ற ஓர் ஒலி மாத்திரம் கேட்கும், எஞ்சின் அசையாது. உரிமையாளர் முதலில் ஐயுறுவது பற்றறியையே. உடனே புதிய பற்றறியொன்று வாங்கிப் பூட்டப்படுகிறது. சில நாட்களுக்கு இயந்திரம் நன்றாகத் தொடங்குகிறது. பின்னர் பழைய நிலையே மீண்டும் வந்துவிடுகிறது. பணமும் போயிற்று, பருவமும் தவறிற்று. உண்மையில் தைனமோவின் பட்டி தளர்ந்திருந்தமையால் பற்றறி மின்னேற்றம் பெறாமல் இருந்திருக்கலாம். அதைச் சரிசெய்யக் கால் மணித்தியாலமே போதும்.

இலங்கையின் நெற்பிரதேசங்களில் இன்றும் பழைய நான்கு சில்லு உழவு இயந்திரங்கள் பல வேலை செய்கின்றன. 1957இல் வெளிவந்த மஸி பேர்குசன் 35, 1964இல் வெளிவந்த 135 ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றின் மின்னமைப்பு மிக எளியது. இக்கால வாகனங்களில் உள்ள இலத்திரனியற் கட்டுப்பாடுகள் இவற்றில் இல்லை. ஆகையால் ஒழுங்கு முறையாகத் தேடும் கமக்காரர் பெரும்பாலான கோளாறுகளைத் தாமே கண்டுபிடிக்கலாம். ஒரு விதியை மாத்திரம் மறவாதிருத்தல் வேண்டும்: விலை கூடிய பாகத்தை மாற்றுமுன், செலவின்றிச் சீராக்கக்கூடிய இணைப்பைப் பார்த்தல் வேண்டும்.

மின்சாரம் செல்லும் வழி

பற்றறியைக் குளத்துக்கும், தைனமோவைக் குளத்தை நிரப்பும் ஆற்றுக்கும், வயர்களை வாய்க்கால்களுக்கும் ஒப்பிடலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வயலுக்குச் சென்ற நீர் குளத்துக்குத் திரும்பவேண்டியதில்லை. மின்சாரமோ புறப்பட்ட பற்றறிக்கே திரும்பி வருதல் வேண்டும். செல்லும் வழி வயர். திரும்பும் வழி இயந்திரத்தின் இரும்புடல். பற்றறியின் ஒரு முனை தடித்த கேபிளினால் உடலுடன் தொடுக்கப்பட்டிருப்பது இதற்காகவே. அத்தொடுப்பு துருப்பிடித்தாலும் தளர்ந்தாலும், மற்ற வயர்கள் யாவும் நன்றாயிருந்தும் பயனில்லை.

ஸ்ராட்டர் மோட்டர் டீசல் எஞ்சினைச் சுழற்றும்போது நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. 200 அம்பியர் செல்லும் வழியில், துருவினால் ஓமின் நூறிலொரு பங்கு தடை உண்டாயினும் 2 வோல்ற்று அங்கேயே வீணாகும். 12 வோல்ற்று அமைப்பில் இது பெரும் இழப்பாகும். அதே இணைப்பினூடாக ஒரு சிறு விளக்கு நன்றாக எரியக்கூடும். ஏனெனின் அவ்விளக்குக்கு 2 அம்பியரும் வேண்டியதில்லை. ஆகவே விளக்கு எரிகிறது என்பதனால் இணைப்பு நல்லதென முடிவு செய்தல் தவறாகும்.

மின்கோளாறா, டீசற் கோளாறா?

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டியதில்லை. உருளையுள் அமுக்கப்பட்ட காற்றின் வெப்பத்தினாலேயே டீசல் எரிகிறது. ஆகையால் ஸ்ராட்டர் எஞ்சினை வழக்கமான வேகத்திற் சுழற்றியும் அது தொடங்காவிடின், கோளாறு மின்சாரத்தில் இல்லை. டீசல் தீர்ந்திருத்தல், வடி அடைபட்டிருத்தல், குழாயிற் காற்றுப் புகுந்திருத்தல் ஆகியவற்றையே பார்த்தல் வேண்டும். ஸ்ராட்டர் சுழலாவிடினோ மிக மெதுவாகச் சுழன்றாலோ மாத்திரம் மின்கோளாற்றைத் தேடுதல் வேண்டும்.

வேண்டிய கருவிகளும் காப்பு முறைகளும்

ஒரு வோல்ற்றுமானி, கம்பித் தூரிகை, அரத்தாள், பொருத்தமான ஸ்பனர்கள், ஒரு சோதனை விளக்கு ஆகியன போதும். 12 வோல்ற்று மின்குமிழ் ஒன்றின் தாங்கியில் ஒரு யார் நீளமான இரு வயர்களைத் தொடுத்துச் சோதனை விளக்கைத் தயாரிக்கலாம். பற்றறியின் உடற்கேபிள் பூட்டியிருக்க, சோதனை விளக்கின் ஒரு வயரை உடலின் சுத்தமான இரும்பிலும், மற்றதைச் சோதிக்கும் முனையிலும் பிடித்தல் வேண்டும். விளக்கு எரிந்தால் அம்முனைவரை மின்சாரம் வருகிறது.

வேலை தொடங்குமுன் பின்வருவனவற்றைக் கவனித்தல் அவசியம்:

(அ) மின்னேற்றம் பெறும் பற்றறியிலிருந்து வெடிக்குந் தன்மையுள்ள ஐதரசன் வாயு வெளிவரும். அதன் அருகே தீக்குச்சியோ பீடியோ இருத்தலாகாது.

(ஆ) கேபிள்களைக் கழற்றும்போது உடலுடன் தொடுத்த கேபிளை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலும் கையாளுதல் வேண்டும். ஸ்பனர் தவறி இரும்பிற் பட்டாலும் அப்போது தீப்பொறி எழாது.

(இ) இக்காலத்தில் மறைமுனையே உடலுடன் தொடுக்கப்படுகிறது. ஆனால் மிகப் பழைய இயந்திரங்கள் சிலவற்றில் நேர்முனை தொடுக்கப்பட்டிருக்கும். புதிய பற்றறி பூட்டுமுன் முன்பிருந்த முறையைக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

(ஈ) பற்றறியின் அமிலம் தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனே நிறையத் தண்ணீரினாற் கழுவுதல் வேண்டும். கண்ணிற் பட்டால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

பற்றறியைச் சோதித்தல்

இரவு முழுவதும் ஓய்விலிருந்த பற்றறியின் இரு முனைகளுக்குமிடையே வோல்ற்றுமானியைப் பிடித்தால், முழு மின்னேற்றமுள்ள பற்றறி சுமார் 12.6 வோல்ற்றுக் காட்டும். 12.2 வோல்ற்றாயின் ஏறத்தாழ அரைவாசியே மீதியுண்டு. 12 வோல்ற்றுக்குக் குறையின் அதனை மின்னேற்றம் செய்தபின்னரே மேற்கொண்டு சோதித்தல் வேண்டும். பின்னர் மற்றொருவரைக் கொண்டு ஸ்ராட்டரை இயக்கி அளவைப் பார்த்தல் வேண்டும். சுழலும்போது அளவு 10 வோல்ற்றுக்கு மேல் நின்றும் ஸ்ராட்டர் மெதுவாகச் சுழலின், குறை கேபிள்களிலோ ஸ்ராட்டரிலோ உள்ளது. அளவு 9 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் பற்றறி பலவீனமானது. அல்லது ஸ்ராட்டர் உள்ளே பழுதாகி மிகையாக மின்னோட்டம் இழுக்கிறது.

மூடி திறக்கக்கூடிய பற்றறியில் அமிலநீர் தகடுகளுக்கு மேல் சுமார் அரை அங்குலம் நிற்றல் வேண்டும். குறைந்தால் காய்ச்சி வடித்த நீரை மாத்திரம் ஊற்றலாம். கிணற்று நீரிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். அமிலத்தைப் புதிதாகச் சேர்த்தலாகாது.

இணைப்புகளைச் சுத்தம் செய்தல்

பற்றறி முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ படியும் பொருளை, அப்பச்சோடா கரைத்த நீரினாற் கழுவி அகற்றலாம். அக்கரைசல் பற்றறியுள் செல்ல இடங்கொடுத்தலாகாது. பின்னர் முனையையும் கவ்வியின் உட்புறத்தையும் கம்பித் தூரிகையால் மினுங்கும்வரை தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே கிரீஸ் பூசுதல் வேண்டும். கிரீஸ் இறுக்கிய பின்னரே பூசப்படல் வேண்டும்.

பலர் பற்றறி முனையோடு நின்றுவிடுகின்றனர். கேபிளின் மற்ற நுனி உடலுடன் சேருமிடமே பெரும்பாலும் கவனிக்கப்படாத இடமாகும். சேற்றுழவில் தெறிக்கும் நீர் அங்கே தங்கித் துருவை உண்டாக்கும். சிலர் இயந்திரத்துக்கு நிறம் பூசும்போது அவ்விடத்தையும் சேர்த்துப் பூசிவிடுவர். நிறம் மின்சாரத்தைக் கடத்தாது. ஆணியைக் கழற்றி, அடியிலுள்ள இரும்பு தெரியும்வரை சுரண்டிப் பூட்டுதல் வேண்டும்.

ஸ்ராட்டர் சுழலாதபோது

முன்விளக்குகளை எரியவிட்டு ஸ்ராட்டரை இயக்கிப் பார்ப்பது எளிய சோதனையாகும். விளக்கு முற்றாக அணைந்தால் பற்றறி இணைப்பு தளர்ந்துள்ளது, அல்லது பற்றறி வெறுமையாகியுள்ளது. விளக்கு மங்கி, ஸ்ராட்டர் மெதுவாகச் சுழன்றால் பற்றறியின் வலுக் குறைவு. விளக்கு மங்காமலே எரிந்து, ஸ்ராட்டர் அசையாவிடின் மின்சாரம் ஸ்ராட்டரை அடையவில்லை. அப்போது திறப்பு ஆளி, சொலனொயிட், கியர் நடுநிலைப் பாதுகாப்பு ஆளி ஆகியவற்றைச் சோதனை விளக்கினால் வரிசையாகப் பார்த்தல் வேண்டும். பல இயந்திரங்களில் கியர்த் தடி உரிய நிலையில் இல்லாவிடின் ஸ்ராட்டர் வேலை செய்யாது. இது கோளாறன்று, உயிர்காப்பு ஏற்பாடாகும்.

நிலத்தில் நின்றவாறு திருப்புளியை ஸ்ராட்டரின் முனைகளுக்குக் குறுக்கே வைத்து எஞ்சினைத் தொடக்கும் வழக்கத்தை முற்றாகக் கைவிடல் வேண்டும். இவ்வாறு செய்யும்போது பாதுகாப்பு ஆளி பயனற்றுப் போகிறது. கியர் பூட்டியிருப்பின், தொடங்கிய கணமே இயந்திரம் முன்னே பாயும். தொடக்குபவர் நிற்பதோ பெரிய பின்சில்லின் நேர் முன்னால். விலகுவதற்கு அவருக்கு நேரம் இராது. இவ்வாறான விபத்துக்கள் பல நாடுகளில் உழவர்களின் உயிரைக் கவர்ந்துள்ளன. எத்துணை அவசரமாயினும் ஆசனத்தில் அமர்ந்தே தொடக்குதல் வேண்டும். பழுதடைந்த பாதுகாப்பு ஆளியை வயரினால் இணைத்து விடாது மாற்றுதல் வேண்டும்.

பற்றறி மின்னேற்றம் பெறாதபோது

எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டுப் பற்றறியின் முனைகளில் அளந்தால், 13.8 முதல் 14.5 வோல்ற்றுவரை காட்டுதல் வேண்டும். ஓய்விலிருந்த அளவிலேயே நின்றால் மின்னேற்றம் நடைபெறவில்லை. 15 வோல்ற்றுக்கு மேற் சென்றால் ஒழுங்காக்கி பழுதடைந்துள்ளது. அப்போது பற்றறி கொதித்து நீரை விரைவில் இழக்கும்.

மின்னேற்றம் இல்லாவிடின் முதலிற் பட்டியைப் பார்த்தல் வேண்டும். நீளமான பகுதியின் நடுவிற் பெருவிரலால் அழுத்தினால் பட்டி அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம்வரை தாழலாம். அதற்கு மேல் தாழின் இறுக்குதல் வேண்டும். பளபளப்பாகத் தேய்ந்த பட்டியை மாற்றுதல் வேண்டும். அடுத்து தைனமோவின் பின்புற வயர்கள் கழன்றுள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும். அதன் பின்னரே தூரிகைகளின் தேய்வையும் ஒழுங்காக்கியையும் ஐயுறுதல் முறையாகும். ஒழுங்காக்கியைத் திருத்துவதை அனுபவமுள்ள மின்திருத்துநரிடம் விடுதல் நன்று.

தைனமோ எஞ்சின் மெதுவாக ஓடும்போது மின்சாரத்தைப் போதிய அளவில் உண்டாக்காது. ஆகவே எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு இரவில் நெடுநேரம் விளக்குகளை எரித்தால், கோளாறு எதுவுமின்றியே மறுநாட் காலை பற்றறி வலுவிழந்திருக்கும்.

தைனமோவுக்குப் பதிலாக ஆல்டனேற்றர் பூட்டப்பட்ட இயந்திரங்களில், எஞ்சின் ஓடும்போது பற்றறிக் கேபிளைக் கழற்றுதலாகாது. பற்றறியை முனை மாற்றிப் பூட்டினாலும் ஆல்டனேற்றர் கணப்பொழுதிற் கெட்டுவிடும். இயந்திரத்தில் ஒட்டு வேலை செய்யுமுன் பற்றறியையும் ஆல்டனேற்றர் வயர்களையும் கழற்றுதல் வேண்டும்.

விளக்குகளும் உருகிகளும்

உருகி எரிந்தால் அதற்கொரு காரணம் இருத்தல் வேண்டும். சிகரட் தாளையோ செப்புக் கம்பியையோ உருகிக்குப் பதிலாக வைப்பவர், உருகி எரிவதற்குப் பதிலாக வயர் எரிய வழி செய்கிறார். சூடு அடிக்கும் களத்தில் எஞ்சினைச் சுற்றி வைக்கோலும் பதரும் சேர்ந்திருக்கும். அங்கே சூடேறிய ஒரு வயர் ஒரு போகத்தின் விளைவையே எரித்துவிடலாம். எலி கடித்த இடங்களையும், இரும்பில் உராய்ந்து தோலுரிந்த இடங்களையும் தேடிப் பழுதடைந்த வயரை மாற்றிய பின்னரே, உரிய அளவான உருகியைப் பூட்டுதல் வேண்டும்.

இழுவைப் பெட்டியின் பின்விளக்கு விட்டுவிட்டு எரிவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம் உண்டு. அவ்விளக்கின் மின்சாரம் துருப்பிடித்த கொழுவியினூடாகவே இயந்திரத்துக்குத் திரும்பி வருகிறது. விளக்கின் உடலிலிருந்து இயந்திரத்தின் உடலுக்குத் தனி வயர் ஒன்றைத் தொடுத்தால் இக்குறை நீங்கும். நெல் ஏற்றிய பெட்டி சிவப்பு விளக்கின்றி இரவில் வீதியிற் செல்வது, பின்னால் வருபவருக்கும் சாரதிக்கும் ஒருங்கே ஆபத்தாகும்.

போகம் முடிந்த பின்

இயந்திரம் பல வாரம் நிறுத்தி வைக்கப்படுமாயின், பற்றறியின் உடற்கேபிளைக் கழற்றி வைத்து, மாதம் ஒரு முறை மின்னேற்றம் செய்தல் வேண்டும். வெறுமையாக விடப்பட்ட பற்றறியின் தகடுகள் கெட்டியான படிவினால் மூடப்பட்டு மீண்டும் வலுப்பெறா. சேற்றுழவின்பின் இயந்திரத்தைக் கழுவும்போது தைனமோமீதும் ஸ்ராட்டர்மீதும் நீரைப் பீச்சியடித்தலாகாது. எஞ்சின் மூடியின் கீழ் வைக்கோல் தங்கவிட்டால் எலி கூடு கட்டும்.

சுருக்கமாகக் கூறின், தேடும் ஒழுங்கு இதுவே: முதலில் பற்றறியின் அளவு, அடுத்து இரு கேபிள்களின் நான்கு நுனிகள், பின்னர் பட்டி, அதன்பின் உருகியும் வயரும், இறுதியாகவே ஸ்ராட்டர், தைனமோ, ஒழுங்காக்கி. இவ்வொழுங்கைப் பின்பற்றும் கமக்காரர் வேண்டாத செலவைத் தவிர்ப்பதோடு, உழவு நாளில் தமது இயந்திரத்தை நம்பி வயலுக்குச் செல்லவும் முடியும். இச்சோதனைகளைப் போகம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னரே செய்து வைத்தல் சாலச் சிறந்தது.